நிழல் விழும் பக்கம்

பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
வாசகங்கள்: ஆமோஸ் 6:1, 4-7, 1 திமொத்தேயு 6:11-16, லூக்கா 16:19-31



இன்றைய நற்செய்தியில் வரும் செல்வர்மீது இயேசு எந்தக் குற்றத்தையும் சுமத்தவில்லை. அவர் திருடினார் என்றோ, வேலையாட்களின் கூலியைப் பிடித்துவைத்தார் என்றோ, இலாசரை ஆள்விட்டு விரட்டினார் என்றோ லூக்கா எழுதவில்லை. நன்றாக உடுத்தினார், நாள்தோறும் விருந்துண்டார். அவருடைய வாசலில் உடலெல்லாம் புண்ணாக ஒருவர் கிடந்தார். வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் அவரைத் தாண்டித்தான் செல்வர் நடந்திருக்க வேண்டும். பாதாளத்தில் தவிக்கும்போது யாரையாவது அனுப்பும்படி அவர் ஆபிரகாமிடம் கேட்கவில்லை, இலாசரைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். ஆகவே பெயர் தெரிந்திருக்கிறது. முகமும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே தாண்டிப் போயிருக்கிறார்.

இதைப் பணத்தைப் பற்றிய உவமை என்று எடுத்துக்கொள்வது நம் வழக்கம். இன்று ஒரு வீட்டைப் பற்றிய உவமையாக இதைப் படித்துப் பார்க்க உங்களை அழைக்கிறேன். அந்த வீட்டுக்கு ஒரு வாசல் இருந்தது. வாசலுக்கு உள்ளே விருந்து, வெளியே பசி. ஒரு கட்டடம் எழும்பும்போது அது யாருக்கு வெளிச்சம் தருகிறது, யார்மேல் நிழலை வீழ்த்துகிறது என்று கேட்பது கட்டடக் கலைஞரின் வேலை மட்டும் அல்ல. கிறிஸ்தவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

நாம் வாழும் நியூ ஜெர்சியிலிருந்து பார்த்தால் ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கில், மன்ஹாட்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஹை லைன் பூங்காவை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாம் கூட்டிப்போகும் இடங்களில் அதுவும் ஒன்று. தெருவுக்கு மேலே ஏறக்குறைய 30 அடி உயரத்தில், கன்செவோர்ட் தெருவிலிருந்து 34ஆம் தெருவரை சுமார் 2.3 கிலோமீட்டர் நீளத்துக்கு அது போகிறது. கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் படியேறலாம், மின்தூக்கியும் உண்டு. இருபுறமும் உலகத்தின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் எழுப்பிய கண்ணாடி வீடுகளும் அலுவலகங்களும் நிற்கின்றன. அங்கே நடக்கும்போது நாம் செடிகளைப் பார்க்கிறோம், பிறகு தலையை நிமிர்த்திக் கட்டடங்களைப் பார்க்கிறோம், கைபேசியில் படம் எடுக்கிறோம். கீழே தெருவைப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்தத் தெருவிலிருந்துதான் கதை தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பத்தாம் அவென்யூவில் சரக்கு ரயில் தெருமட்டத்திலேயே ஓடியது. வண்டிகளும் குதிரைகளும் கூலியாட்களும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் புழங்கும் அதே தெருவில். நூற்றுக்கணக்கானவர்கள் அடிபட்டு இறந்தார்கள். இறந்தவர்களில் குழந்தைகள் பலர். மக்கள் அதை மரண அவென்யூ என்றே அழைத்தார்கள். ரயிலுக்கு முன்னால் குதிரைமேல் ஒருவர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நகரம் விதி வைத்தது. அப்படிக் குதிரையில் போனவர்களை மேற்குப் பக்கத்துக் கௌபாய்கள் என்று கூப்பிட்டார்கள். அந்த வேலை 1941வரை நீடித்தது.

இந்தச் சாவுகளை நிறுத்த வேண்டும் என்று பல பத்தாண்டுகள் போராட்டம் நடந்தது. 1929இல் நகரமும் மாநிலமும் ரயில் நிறுவனமும் ஒப்பந்தத்துக்கு வந்தன. 1934இல் ரயில் மேலே, இன்று பூங்காவாக இருக்கும் அந்தப் பாதையில், ஏறியது. இதில் ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் அதற்கு முன் கட்டிய உயர்த்திய ரயில்பாதைகள் அவென்யூக்களின் மேலேயே போனதால், கீழே இருந்த தெருக்கள் இருண்டு கிடந்தன. அதனால் இந்தப் பாதையை அவென்யூவின் மேலே போடாமல், கட்டட வரிசைகளின் நடுவே கொண்டுபோனார்கள். சில இடங்களில் ரயில் தொழிற்சாலைக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது. பாலும் இறைச்சியும் மாவும் மேல்மாடியிலேயே இறங்கின. தெருவில் நடப்பவரின் உயிருக்காக ஒரு பாதை உயர்ந்தது, அவருடைய வெளிச்சத்துக்காக அதே பாதை ஒதுங்கிப் போனது. ஆதாயத்துக்காக ஓடிய சரக்கு ரயில்தான், ஆனாலும் அதன் பாதை அமைந்த விதத்தில் அயலார்மேல் ஓர் அக்கறை இருந்தது.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை இருக்கிறது. நாம் அதிகம் தியானிக்காத கட்டளை. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து விழுகிறவரின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் இருக்கும் என்று மோசே சொல்கிறார். சீனாய் மலையில் பேசிய கடவுள் நம் மொட்டைமாடியின் சுவரைப் பற்றியும் பேசுகிறார். அவருக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. கட்டுகிறவரின் பொறுப்பு சொத்தின் எல்லையோடு முடிவதில்லை என்பது விவிலியத்தின் பழைய நம்பிக்கை.

லாரிகள் பெருகியபின் அந்த ரயிலுக்கு வேலை இல்லாமல் போனது. 1960களில் தென்பகுதியை இடித்தார்கள். 1980இல் உறைந்த வான்கோழிகளை ஏற்றிக்கொண்டு கடைசி ரயில் போனது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தப் பாதை கைவிடப்பட்டுக் கிடந்தது. கீழே நிலம் வைத்திருந்தவர்கள் இடித்துத் தள்ளச் சொன்னார்கள். அந்தக் காலம் முழுக்க, தண்டவாளத்துச் சரளைக் கற்களுக்கிடையில் காற்றும் பறவைகளும் கொண்டுவந்த விதைகள் முளைத்துப் புல்லும் பூவும் புதருமாக வளர்ந்தன. யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. விதைத்தவன் தூங்கி எழும்போது தானாக முளைத்த விதையைப் பற்றி மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் சொன்னது என் நினைவுக்கு வருகிறது.

1999இல் ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாம்மண்ட் என்ற இரண்டு பேர் அந்த வட்டாரத்துக் கூட்டம் ஒன்றில் சந்தித்து, இடிப்பைத் தடுக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இருவரும் கட்டடக் கலைஞர்கள் அல்லர், தோட்டக்கலை படித்தவர்களும் அல்லர். 2001இன் கடைசியில் மேயர் ஜூலியானி இடிக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். அவருக்குப் பின் வந்த மேயர் புளூம்பெர்க் காப்பாற்ற முன்வந்தார். ஜேம்ஸ் கார்னரின் நிறுவனமும் டில்லர் ஸ்கொஃபிடியோ ரென்ஃப்ரோ நிறுவனமும் வடிவமைக்க, டச்சுத் தோட்டக் கலைஞர் பீட் அவுடோல்ஃப் செடிகளைத் தேர்ந்தார். கைவிடப்பட்ட காலத்தில் அங்கே தானாக வளர்ந்தவற்றின் சாயலை அவர்கள் விட்டுவிடவில்லை. நடைபாதையின் கான்கிரீட் பலகைகளுக்கு இடையே இடைவெளி விட்டார்கள், புல் அங்கே தலை நீட்டும். பழைய தண்டவாளங்களையும் ஆங்காங்கே திரும்பப் பதித்தார்கள். 2009இல் முதல் பகுதி திறந்தது. 2011, 2014, 2019 என்று அடுத்தடுத்து மற்றவை.

இடிப்பதை ஆதரித்த நில உரிமையாளர்களை நகரம் எப்படிச் சம்மதிக்க வைத்தது தெரியுமா? 2005இல் அந்த வட்டாரத்தின் நிலப் பயன்பாட்டு விதியை மாற்றினார்கள். பாதைக்கு அடியில் நிலம் வைத்திருந்தவர்கள், தங்கள் நிலத்துக்கு மேலே கட்டிக்கொள்ளும் உரிமையை, அதாவது வெறும் ஆகாயத்தை, அக்கம்பக்கத்து மனைக்காரர்களுக்கு விற்கலாம் என்றார்கள். வாங்கியவர்கள் தங்கள் மனையில் கூடுதல் உயரத்துக்குக் கட்டினார்கள். பூங்காவைப் பிழைக்கவைத்த அதே ஏற்பாடுதான் அதைச் சுற்றிக் கோபுரங்களை எழுப்பியது. ஒரு நன்மை எந்த வழியாக வந்ததோ, அந்த வழியிலேயே ஒரு சோதனையும் வந்தது. நம் குடும்பங்களிலும் இப்படி நடப்பதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதை அந்த நகரத்தின் குறையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கட்டடங்கள் அழகானவை. இதைத் தயங்காமல் சொல்கிறேன். 2007இல் ஃபிராங்க் கெரி கட்டிய வெள்ளைக் கண்ணாடி அலுவலகம் ஆற்றை நோக்கிப் பாய் விரித்து நிற்கிறது. பாக்தாத்தில் பிறந்த ஸஹா ஹதீத் 28ஆம் தெருவில் வரைந்து கொடுத்த குடியிருப்பு, அவர் 2016இல் இறந்தபின்தான் கட்டி முடிந்தது. அதன் உலோக வளைவுகள் ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு வழுக்கிப் போகின்றன. ஷான் நூவேல் 19ஆம் தெருவில் கட்டிய கோபுரத்தின் முகப்பில் 1,600க்கும் மேற்பட்ட கண்ணாடிகள். வெவ்வேறு அளவில், வெவ்வேறு சாய்வில் அவற்றைப் பொருத்தியிருக்கிறார்கள், ஆற்றின் வெளிச்சம் ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி விழுகிறது. உடன்படிக்கைக் கூடாரத்தைச் செய்ய பெட்சலேலைத் தம் ஆவியால் நிரப்பிய கடவுள், கைவினைத் திறமையின் கடவுளும்தான். அழகைப் பார்த்துச் சந்தேகப்படும் பக்தி நம்முடையது அல்ல.

ஆனால் நூவேலின் கோபுரத்துக்கு ஒட்டினாற்போல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1931இல் மாலுமிகள் தங்குவதற்காகக் கட்டிய ஒரு செங்கல் கட்டடம். பின்னாளில் அது பெண்கள் சிறையாயிற்று. 2012இல் சாண்டி புயலின்போது கைதிகளை வெளியேற்றியபின் மூடப்பட்டது. பல லட்சம் டாலர் பெறும் வீடுகளும், கம்பி போட்ட சன்னல்களும், ஒரே சுவர்ப் பக்கத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றன. ஒரே ஹட்சன் ஆறு, ஒரே அந்திவெயில். அந்தச் சிறையை ஏழைகளுக்கான குடியிருப்பாக மாற்றும் திட்டம் இப்போது அறிவிக்கப்பட்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஒன்பதாம், பத்தாம் அவென்யூக்களுக்கு இடையில் ஃபுல்ட்டன், எலியட் செல்சீ என்ற அரசுக் குடியிருப்புகள் இருக்கின்றன. சிவப்புச் செங்கல் அடுக்குமாடிகள். எளிய வருமானக்காரர்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். பூங்காவிலிருந்து கூப்பிடு தூரம். பூங்கா வந்தபின் அந்தப் பகுதியில் வாடகையும் விலையும் ஏறின, அவர்கள் பழகிய சின்னக் கடைகள் மூடின. உலகமெங்கும் இருந்து ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வந்து நடக்கும் அந்தப் பாதை தங்களுக்கானது அல்ல என்று அங்கிருந்தவர்களில் பலர் நினைத்தார்கள். சட்டம் யாரையும் தடுக்கவில்லை. வாசலில் பூட்டு இல்லை. ஆனால் பூட்டு இல்லாமலேயே ஒரு வாசல் மூடியிருக்க முடியும் என்பது இலாசருக்குத் தெரியும்.

அந்தப் பூங்காவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஹாம்மண்ட் 2017இல் இதை வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். சுற்றியிருந்த மக்களுக்காகத்தான் தொடங்கினோம், அதில் தோற்றோம் என்ற பொருளில் பேசினார். வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அந்த மக்களிடம் கேட்டோம், உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும் என்றார். உலகமே புகழ்ந்த ஒரு வேலையைச் செய்து முடித்தவர், புகழ் உச்சத்தில் இருக்கும்போதே இப்படிச் சொல்வது எளிதல்ல. இதுபோன்ற பூங்காக்களை வேறு நகரங்களில் உருவாக்குகிறவர்கள் அதே தவற்றில் விழாதபடி, அவர்களை ஒன்றுசேர்த்து ஒரு வலையமைப்பையும் ஹை லைன் உருவாக்கியது. மனமாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதும் கணக்குப் பார்த்தது போல.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் இதைத் தொட்டுப் பேசியிருக்கிறார். மனிதர் கான்கிரீட்டிலும் தாரிலும் கண்ணாடியிலும் உலோகத்திலும் மூழ்கி, இயற்கையோடு தொடர்பற்று வாழப் படைக்கப்பட்டவர்கள் அல்லர் என்கிறார். அடுத்த பத்தியிலேயே, பல நகரங்களில் பராமரித்த பசுமைப் பகுதிகள் வசதியானவர்களின் பக்கத்தில் இருக்க, சமுதாயம் ஒதுக்கித் தள்ளியவர்கள் வாழும் இடங்களில் அவை இல்லை என்று வருந்துகிறார். பசுமையும் நீதியும் அவருக்கு இரண்டு விஷயங்கள் அல்ல.

இன்றைய முதல் வாசகத்தில் ஆமோஸ் யாரைப் பார்த்துச் சீறுகிறார்? தந்தக் கட்டிலில் படுத்து, மந்தையின் இளம் ஆடுகளை உண்டு, பாட்டும் மதுவுமாக இருந்தவர்களைப் பார்த்து. அவர்கள் உண்டதற்காக அல்ல, யோசேப்பின் மக்கள் அழிந்துகொண்டிருப்பதைப் பற்றி அவர்களுக்கு வலி இல்லை என்பதற்காக. ஆமோசுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் எரேமியா இன்னும் நேராகவே கட்டடத்துக்கு வருகிறார். அரசன் யோயாக்கிம் ஏழைகளுக்குக் கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, விசாலமான மேல்மாடி, பெரிய சன்னல்கள், கேதுரு மரப் பலகை, சிவப்புச் சாயம் என்று மாளிகை கட்டினான். கேதுரு மரத்தில் போட்டி போடுவதாலா நீ அரசன் என்று இறைவாக்கினர் வழியாகக் கடவுள் கேட்கிறார். உன் தந்தையும்தான் உண்டார், குடித்தார், ஆனால் ஏழையின் வழக்கை அவர் நீதியோடு தீர்த்தார், என்னை அறிவது என்றால் அதுதானே என்கிறார். எரேமியா நூலின் 22ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எடுத்து வாசியுங்கள். பெரிய சன்னல்களை நான் இப்போது அந்த அதிகாரத்தை நினைக்காமல் பார்ப்பதில்லை.

ஹை லைனின் தென்பகுதியில், 13, 14ஆம் தெருக்களுக்கு இடையில், இன்னொரு கட்டடம் இருக்கிறது. ஜீன் கேங் என்ற பெண் கட்டடக் கலைஞரின் நிறுவனம் வடிவமைத்து 2019இல் முடிந்தது. பூங்காவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே சாதாரணமான பெட்டி வடிவில் ஒரு கட்டடத்தை வைத்திருந்தால் மேற்கு வெயிலை அது அப்படியே மறைத்துவிடும். நியூயார்க்கில் 1916 முதல் ஒரு விதி உண்டு: தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் வர வேண்டும் என்பதற்காகக் கட்டடங்கள் உயர உயரத் தெருப்பக்கம் உள்வாங்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதை எழுதியவர்களுக்குக் கட்டட வரிசையின் நடுவே ஒரு பூங்கா வரும் என்று தெரியாது. விதியை அப்படியே பின்பற்றினால் கட்டடத்தின் பருமன் முழுக்கப் பூங்காவின் பக்கம் தள்ளப்படும், செடிகள் நிழலில் கிடக்கும். கேங்கின் குழுவினர் சூரியன் எந்த நேரத்தில் எந்தக் கோணத்தில் வருகிறது என்று கணக்கிட்டார்கள். அந்தக் கதிர்கள் பூங்காவைப் போய்ச் சேரும் வழியில் கட்டடத்தின் எந்தப் பகுதி குறுக்கே வருகிறதோ அதைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். விதியிலிருந்து விலக்கும் கேட்டுப் பெற்றார்கள். இப்போது அதன் மூலைகள் வைரத்தின் பட்டைகள்போல் வெட்டுப்பட்டிருக்கின்றன. அலங்காரத்துக்காக வந்த வெட்டு அல்ல அது. பக்கத்தில் இருக்கும் புல்லுக்கு வெயில் போக விட்ட இடம்.

அது ஏழைகளுக்கான வீடு அல்ல, வாடகைக்கு விடும் அலுவலகம்தான். அதைப் புனிதப்படுத்த நான் முயலவில்லை. ஆனாலும் அந்த வடிவம் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது. சட்டப்படி தன்னுடையதாக எடுத்துக்கொள்ளக்கூடிய இடத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. சட்டம் என்ன அனுமதிக்கிறது என்ற கேள்விக்கு அப்பால் போய், என் நிழல் எங்கே விழுகிறது என்று கேட்டது. கடவுளோடு இணையாயிருப்பதை விடாமல் பற்றிக்கொள்ளாமல் தம்மையே வெறுமையாக்கிய கிறிஸ்துவைப் பற்றிப் பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, நாம் பின்பற்றுவதற்காகவே அதை எழுதுகிறார். தன்னைக் குறைத்துக்கொள்வது என்றால் அழுது வடிந்துகொண்டிருப்பது என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். இல்லை. வேறொருவருக்கு வெளிச்சம் போகும் வழியில் என்னுடைய எந்தப் பகுதி நிற்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே வெட்டிக்கொள்வது. அதற்கு முதலில் அந்த வேறொருவர் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். செல்வர் அந்த முதல் படிக்கே வரவில்லை. பூங்காவைச் சுற்றி மற்ற கோபுரங்கள் எழ எழ, கூடிவரும் நிழலுக்கு ஏற்றபடி தோட்டக்காரர்கள் செடிகளை மாற்றி நட வேண்டியிருக்கிறது. ஒருவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு இன்னொருவர் வருடக்கணக்கில் பதில் சொல்கிறார்.

வடக்கு முனையைப் பற்றியும் பேசியாக வேண்டும், மனம் கனத்தாலும். ரயில் நிலையத்தின் வண்டிகள் நிற்கும் பரப்புக்கு மேலே மேடை அமைத்து எழுப்பிய ஹட்சன் யார்ட்ஸ் 2019இல் திறந்தது. அதன் நடுவில் வெஸ்ஸல் என்ற செம்பு நிறப் படிக்கட்டுக் கோபுரம். பார்க்க வருகிறவர்கள் ஏறி இறங்குவதற்கென்றே கட்டியது. மூன்று ஆண்டுகளுக்குள் நான்கு இளையோர் அங்கே தங்கள் உயிரை முடித்துக்கொண்டார்கள். தடுப்புகளை உயர்த்துங்கள் என்று அந்த வட்டாரத்து மக்கள் இடையிலேயே கேட்டார்கள். நான்காவது மரணத்துக்குப் பின் 2021இல் அது மூடப்பட்டது. எஃகு வலை பொருத்தி 2024இல்தான் மீண்டும் திறந்தார்கள். மோசே சொன்ன கைப்பிடிச் சுவர், நான்கு குடும்பங்களின் கண்ணீருக்குப் பின் வந்தது.

அந்த நான்கு பேரையும் இறைவனின் இரக்கத்தில் ஒப்படைப்போம். அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல திருச்சபை நமக்கு அதிகாரம் தரவில்லை, அவர்களுக்காக மன்றாடத்தான் கற்றுத்தருகிறது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் யாருக்காவது வாழ்வு பாரமாக இருந்தால், குறிப்பாக விசா, வேலை, பரீட்சை, தனிமை என்று உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கும் பிள்ளைகளே, தயவுசெய்து தனியாக அதைச் சுமக்காதீர்கள். இந்த நாட்டில் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். என்னையும் அழைக்கலாம், நள்ளிரவாக இருந்தாலும் பரவாயில்லை. பெற்றோரே, நம் வீட்டிலும் கைப்பிடிச் சுவர் வேண்டிய இடங்கள் உண்டு. பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

இப்போது 28ஆம் தெருவுக்குத் திரும்புவோம். ஸஹா ஹதீதின் குடியிருப்பு அந்தத் தெருவின் மேற்குப் பகுதியில், பத்தாம் அவென்யூவுக்கு அப்பால் இருக்கிறது. அதே தெருவில் கிழக்கே வந்து ஒன்பதாம் அவென்யூவை அடைந்தால், ஆங்கிலிக்கன் சபையினரின் திருத்தூதர்கள் ஆலயம். 1840களில் கட்டியது. 1982இல் அங்கே பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கத் தொடங்கினார்கள், இன்றுவரை நிற்கவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் சாப்பாடு என்ற அளவுக்கு அது வளர்ந்தது. 1990இல் ஆலயம் தீப்பற்றிக் கூரையும் வண்ணக் கண்ணாடிகளில் சிலவும் அழிந்தன. மறுநாளும் அங்கே சாப்பாடு கொடுத்தார்கள். பின்னர் ஆலயத்தைப் புதுப்பித்தபோது நீண்ட மர இருக்கைகளைத் திரும்பப் பதிக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். திருவழிபாட்டுக்கு நாற்காலிகள், சாப்பாட்டு வேளையில் மேசைகள். பசித்து வந்தவர் ஆலயத்தின் நடுக்கூடத்திலேயே உட்கார்ந்து உண்ணட்டும் என்று.

நான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், அடுத்த முறை விருந்தினரை ஹை லைனுக்குக் கூட்டிப்போகும்போது அந்த ஆலயத்தையும் காட்டுங்கள். கட்டடக் கலைப் புத்தகங்கள் அதன் பழைய வளைவுகளைப் பற்றி எழுதும். நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் அந்த இருக்கைகளைப் பற்றிச் சொல்லுங்கள். இலாசரை வாசலிலிருந்து உள்ளே கூட்டிவர ஒரு சபை தன் கட்டடத்தையே மாற்றிக்கொண்டது என்று சொல்லுங்கள்.

நம்மிடம் வருகிறேன். நம்மில் யாருக்கும் பத்தாம் அவென்யூவில் கண்ணாடி வீடு இல்லை. நியூ ஜெர்சியில் ஒரு வீடு, முப்பது வருடத் தவணை. அதனால் இந்த நற்செய்தி வேறு யாருக்கோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இந்த மாநிலத்தில் 1975இல் மவுண்ட் லாரல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எந்த ஊராட்சியும் தன் நில விதிகளைப் பயன்படுத்தி எளியவர்களை வெளியே நிறுத்தக் கூடாது, அவர்களுக்கான வீடுகளில் தன் பங்கை ஒவ்வோர் ஊரும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். 2025 முதல் 2035 வரைக்குமான பங்கு இப்போது நம் ஊர்களில் பேசப்படுகிறது. அந்தக் கூட்டங்களுக்கு நம்மவர்களும் போகிறார்கள். அங்கே என்ன பேசுகிறோம்? பள்ளிக்கூடத்தில் நெரிசல் வந்துவிடும், வீட்டு விலை இறங்கிவிடும், அந்த மாதிரி ஆட்கள் வந்துவிடுவார்கள் என்கிறோம். அந்த மாதிரி ஆட்கள் யார்? உங்கள் அப்பாவைக் கவனித்துக்கொள்ள வரும் பெண், பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிப்போகும் ஓட்டுநர், நம்மைப்போலவே பெட்டியோடு வந்து இறங்கி, நமக்குக் கிடைத்த வேலை கிடைக்காதவர். நம் ஊரில் அவர்கள் வேலை செய்யலாம், இரவில் தங்கக் கூடாது என்றால், செல்வரின் வாசலுக்கும் நம் ஊர் எல்லைக்கும் என்ன வேறுபாடு? உங்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. என் மக்கள் பாதாளத்துக்கும் ஆபிரகாமின் மடிக்கும் நடுவில் உள்ள அந்தப் பிளவின் தவறான பக்கத்தில் நிற்கக் கூடாது என்ற அச்சத்தில் சொல்கிறேன். அந்தப் பிளவு இறந்தபின் தோண்டப்பட்டது அல்ல. செல்வர் உயிரோடு இருந்தபோது நாள்தோறும் தோண்டியது.

உவமையில் இன்னும் ஐந்து சகோதரர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு மோசேயும் இறைவாக்கினர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் செவிசாய்க்கட்டும் என்று ஆபிரகாம் சொல்லிவிடுகிறார். இன்று மோசேயின் கைப்பிடிச் சுவரைக் கேட்டோம், ஆமோசைக் கேட்டோம், எரேமியாவைக் கேட்டோம்.

உங்களில் கட்டடத் துறையில் வேலை செய்பவர்கள், வீடு வாங்கி விற்கும் தொழிலில் இருப்பவர்கள், ஊரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் வரைபடத்தை ஒரு முறை அயலார் பக்கத்திலிருந்து பாருங்கள். அவருடைய சன்னலுக்கு வெயில் வருகிறதா, அவருடைய வழி அடைபடுகிறதா என்று. ஊராட்சிக் கூட்டத்தில் எளியோரின் வீடுகளுக்காக எழுந்து பேச முன்வருபவர்கள் திருப்பலிக்குப் பின் என்னை வந்து பாருங்கள், தனியாகப் போக வேண்டாம், சேர்ந்து போவோம். 28ஆம் தெரு ஆலயத்தில் உணவு பரிமாற ஆட்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். வார நாளில் ஒரு காலைப்பொழுது விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் பங்குப் பேரவையினரிடம் பெயர் கொடுங்கள், பதினாறு வயது தாண்டிய பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து. இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.